நிற்கும்போது ஆடும் ஸ்டியரிங்

ஆஸ்பத்திரிக் குடியிருப்பு, மலை மேல்
ஜனவரி 11

பஞ்சர் மாப்பிள்ளைக்கு உன் மாமா எழுதுவது.

இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் அக்காவின் முழங்கால் வலி குளிருக்கு வந்து வெயிலுக்குப் போய்விடுகிறது. நீயும் உன் கடையும் காற்றுக் குறையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆபீஸ் டெலிபோனில் பேசினால் கம்பவுண்டர் முதல் காவலாளி வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் கடிதம். ஜீப்புக்கு டயர் மாற்ற டாக்டர் சம்மதித்துவிட்டார். போன வாரம் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மாளை மேல் குடியிருப்பிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் முனகினார். பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, "அண்ணே, உங்களைக் குத்தம் சொல்லல. இந்த வண்டிதான் எலும்பை எண்ணி எண்ணிப் பாக்குது" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த மலையில் எனக்கு 'மெத்தை' என்று பெயர். மெத்தை ஓட்டினால் தூக்கம் வரும் என்று நோயாளிகள் சொல்வார்கள். அந்தப் பெயர் இருக்கிறவரைதான் வேலை, வேலை இருக்கிறவரைதான் இந்த வீடு.

இப்போது கிடப்பது பெரிய பட்டன் வைத்த டயர், பத்து பிளை, பதினாறு அங்குல ரிம். காற்று முப்பத்தெட்டு வைக்கிறேன். பாதை பாதி கல், பாதி சேறு. உள்ளே படுத்திருப்பவருக்கு அலுங்காமல் இருக்க எதைப் போடலாம் என்று எழுது.

இன்னொன்று. ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரிகிறது, வலது கைப் பக்கம். சின்னதுதான். சக்கரத்தில் ஏதோ கோளாறு. இது நமக்குள் இருக்கட்டும். உன் அக்காவிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மெத்தை


ஜனவரி 20
டயர் கடை

மெத்தை மாமா அவர்களுக்குப் பஞ்சர் பணிவோடு எழுதுவது. பணிவு இந்த வரியோடு முடிந்தது.

நாங்கள் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, முளைக்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வீடு நிம்மதியாக இருக்கிறது.

பத்து பிளை டயரில் முப்பத்தெட்டு காற்றை அடைத்து, அதில் இடுப்பு முறிந்தவரை ஏற்றியிருக்கிறீர்கள். அது சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற டயர், மாமா. பத்து அடுக்குப் போட்ட பக்கச் சுவர் வளையவே வளையாது. கல்லில் வாங்குகிற இடி நேராக முதுகெலும்புக்குத்தான் போகும். ரிம்மைப் பதினைந்துக்கு இறக்குங்கள். டயரின் மொத்த உயரம் அதேதான், ரிம் சிறுத்த அளவுக்கு ரப்பர் கூடும். அந்த ரப்பர்தான் மெத்தை, நீங்கள் இல்லை. ஆறு பிளை போதும். பட்டன் டயருக்குப் பதிலாகக் கல்லுக்கும் தாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, அதைத் தருகிறேன். சேற்றில் கொஞ்சம் வழுக்கும், நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள். பிரேக் டிரம்முக்கும் புது ரிம்முக்கும் இடைவெளி போதுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. அளந்து எழுதுங்கள்.

அலாய் ரிம் கேட்காதீர்கள். எடை குறைவு, லேசாக ஓடும், உண்மைதான். கல்லில் பட்டால் விரிசல் விடும், அந்த மலையில் யார் ஒட்டுவது? இரும்பு நெளிந்தால் சுத்தியல் போதும். அகல டயரும் வேண்டாம். பார்க்க மீசை முறுக்கின மாதிரி இருக்கும், ஓட்டும்போது ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும்.

நடுக்கம் எந்த வேகத்தில் வருகிறது? அதைச் சொன்னால் நோயைச் சொல்கிறேன். ஒரு வேகத்தில் வந்து அடுத்த வேகத்தில் மறைந்தால் பேலன்ஸ். எல்லா வேகத்திலும் இருந்தால் ரிம் நெளிசல். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரம். அக்காவிடம் மூச்சு விட மாட்டேன்.

உங்கள் உடம்பையும் வண்டியைப் போலவே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர்


பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

நலமே. சின்னவளுக்குப் பல் முளைத்ததா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள்.

டிரம்மை அளந்துவிட்டேன், துண்டுச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினைந்து தாராளமாக உட்காரும். நீ சொன்னபடியே இரும்பு ரிம், ஆறு பிளை. ஸ்டெப்னியோடு ஐந்தும் அனுப்பு. ஐந்தையும் நீயே கடையில் பேலன்ஸ் பார்த்து அனுப்பு, வேறு யார் கையும் படக்கூடாது.

வேகம் கேட்டிருந்தாய். கவனித்துச் சொல்கிறேன். அடிவாரத்து மெக்கானிக்கிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். போய்விட்டு வந்து, "ஒண்ணுமே தெரியலையே சார்" என்கிறான். சதா சுத்தியல் பிடித்து அவன் கை மரத்துப்போய்விட்டது, பாவம்.

மெத்தை


பிப்ரவரி 16

மாமாவுக்கு,

எல்லோரும் நலம். பல் இன்னும் வரவில்லை, வாய் மட்டும் திறந்துவிட்டது.

காய்கறி லாரியில் ஐந்து சக்கரமும் ஏற்றிவிட்டேன். ஐந்தையும் நானே மெஷினில் போட்டுச் சுற்றி, பேலன்ஸுக்கு ஈயத் துண்டு வைத்தேன். கல் பாதையில் காற்று இருபத்துநான்கு, தார் ரோட்டுக்கு வந்தால் முப்பது. இருபதுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். இருபத்துநான்கில் கல்லை டயர் விழுங்கிவிடும், நோயாளி வரைக்கும் போகாது.

அந்தச் சீட்டில் நீங்கள் எழுதியிருந்த அளவைப் படிக்கப் பக்கத்துக் கடைக்காரரின் கண்ணாடியைக் கடன் வாங்கினேன். என்ன மாமா, எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிட்டது? காகிதத்தில் சிக்கனம் பிடித்துக் கோட்டை கட்டப் போகிறீர்களா?

பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் எந்த வேகத்தில் நடுங்குகிறது என்று கவனித்துச் சொல்கிறேன் என்கிறீர்கள். இதை நான் யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

பஞ்சர்


மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். பதில் தாமதம், வேலை அதிகம்.

டயர் மாட்டிவிட்டோம். நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முன்னெல்லாம் ஊசி போடணும்னா வண்டிய நிறுத்தணும். இப்ப ஓடும்போதே போடலாம்" என்கிறார். டாக்டரும் ஒரு நாள் ஏறிப் பார்த்துத் தலையாட்டினார். உன் ரப்பர் நல்ல ரப்பர்.

நடுக்கம் போகவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. வேகம் கேட்டாயே, கவனித்தேன். ஓடும்போது அவ்வளவாக இல்லை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வளைக்கும்போது இல்லவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஆள் ஏறுவதற்காகக் காத்திருக்கிறேன் பார், அப்போதுதான் தடதடவென்று அடிக்கிறது. நீ வைத்த ஈயத்தில் ஏதாவது கழன்றிருக்குமோ?

உன் அக்காவின் முழங்கால் பரவாயில்லை.

மெத்தை


மார்ச் 30

மாமாவுக்கு,

இங்கே நலம். கடையில் மதியம் ஆள் இல்லை, அதனால் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஈயம் கழன்றிருக்கும், டை ராடு ஆடுகிறது, பேரிங் போயிருக்கும் என்று வரிசையாக எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். நிற்கிற சக்கரம் ஆடாது, மாமா. ஈயம் மொத்தமும் விழுந்தாலும், ரிம் முட்டை வடிவத்தில் இருந்தாலும், நிற்கும்போது அது சும்மாதான் இருக்கும். இது எனக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் தேய்ந்திருந்தால், நிற்கும்போது எஞ்சின் அதிர்வு ஸ்டியரிங் வரை வரும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிறகு ஸ்டியரிங் மேல் வலது கையைச் சும்மா வையுங்கள். ஆடாவிட்டால் அது ரப்பர், நான் வேறு அனுப்புகிறேன். ஆடினாலும் எனக்கு எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள்.

உங்கள் கடிதங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரி எழுத்தும் மார்ச் எழுத்தும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இல்லை. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
பஞ்சர்


மே 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் மாமாவுக்கு நீ என்னடா எழுதினாய்? அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஜீப்பில் தனியாகப் போய் உட்கார்கிறார். எஞ்சின் ஓடுவதில்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார். சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். உள்ளே வந்து, "வண்டியச் சும்மா பாத்துட்டு வந்தேன்" என்பார்.

எனக்குப் போன வருஷமே தெரியும். டீயை இப்போதெல்லாம் அரை டம்ளர்தான் ஊற்றுகிறேன். ஏன் அரை டம்ளர் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. சட்டைப் பித்தான்களை வெட்டிவிட்டு அழுத்துகிற பட்டன் வைத்துத் தைத்தேன். பழைய பித்தான் கடையில் கிடைக்கவில்லை என்றேன். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். போன மாதம் கம்பவுண்டர் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் சாயங்காலத்துல குடிப்பாரா?" என்று கேட்டாள். சொட்டுக்கூடத் தொடாத மனுஷன். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. குடி என்றால் விட்டுவிடலாம் இல்லையா?

வண்டி கிளம்பினால் திரும்பி வருகிற சத்தம் கேட்கிறவரை நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. இந்த வேலைதான் அவருக்கு எல்லாம். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இடிந்துபோவார். நீ எதையும் உளறிவைக்காதே. உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அக்கா


மே 14

மாப்பிள்ளைக்கு,

நலம். நீ சொன்ன சோதனையைச் செய்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

முந்தாநாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பிரசவ வலி எடுத்த பெண், அவள் அம்மா, நர்ஸம்மா மூவரும் பின்னால். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒற்றைப் பாறை வளைவில் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனேன். கால் போனது, கொஞ்சம் பொறுத்துப் போனது. முன் சக்கரம் ஓரக் கல்லில் ஏறிப் பாதி வெளியே நின்றது. கீழே பார்க்க நான் விரும்பவில்லை. டயர் கவ்விப் பிடித்துக்கொண்டது. பின்னால் எடுத்துவிட்டேன். பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம்.

எல்லோரும் டயரைத்தான் புகழ்கிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பா வந்து டயரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் உன் கடைக்கு நன்றி சொல்லச் சொன்னார். டயர்தான் காப்பாற்றியது என்று நானும் சொன்னேன்.

இதைவிடப் பிடிப்புள்ளது உன்னிடம் இருக்கிறதா? பிளை எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. மழைக்காலம் வருகிறது. சீக்கிரம் எழுது.

மெத்தை


மே 21

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம். ஒருவர் மட்டும் பிரித்திருந்தால் மற்றவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மேலே படியுங்கள். நாங்கள் நலம் என்று எழுத மனசு வரவில்லை. உங்கள் இரண்டு பேர் கடிதமும் என் மேஜையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

மாமா, அக்காவுக்குத் தெரியும். போன வருஷத்திலிருந்தே தெரியும். டீ ஏன் அரை டம்ளர் என்று இப்போது கேளுங்கள். அக்கா, மாமா அந்த ஜீப்பில் என்ன செய்கிறார் தெரியுமா? எஞ்சினை அணைத்தால் கை நிற்கிறதா என்று பார்க்கிறார். நான்தான் பார்க்கச் சொன்னேன். தினமும் பார்க்கிறார் என்றால் நிற்கவில்லை என்று அர்த்தம். அவளிடம் சொல்லாதே, அவரிடம் சொல்லாதே என்று இரண்டு பேரும் என் வாயைக் கட்டிவிட்டு, ஒரே வீட்டில் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்ல குடும்பம்.

டயர் இல்லை, மாமா. கடை நிறைய இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை. நடுக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நான் சக்கரம் விற்றால் எனக்கும் கொலைகாரனுக்கும் வித்தியாசம் இல்லை. அன்று பிடித்தது டயர்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த தடவையும் பிடிக்கும் என்று ஒரு டயர்க்காரனாக நான் கையெழுத்துப் போட மாட்டேன். உள்ளே இருந்தது ஒரு குழந்தை, மாமா. பிறக்கக்கூட இல்லை.

சாவியை டாக்டர் மேஜையில் வைத்துவிடுங்கள். நீங்களே வைத்தால் அது மெத்தை வைத்த சாவியாக இருக்கும். டாக்டருக்கு நானும் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. மூன்று வாரம் பார்ப்பேன், பிறகு சேர்ப்பேன். என் முகத்தில் ஆயுளுக்கும் விழிக்காவிட்டாலும் சரி.

கடைக்கு மேலே இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது. ரப்பர் நாற்றம் அடிக்கும், பழகிவிடும். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். இது என்ன நோய் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குச் சக்கரம்தான் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் பஞ்சர்


ஜூன் 8

மாப்பிள்ளைக்கு,

எழுத்து உன் அக்காவுடையது, பேச்சு என்னுடையது. நடுவில் அவளாக ஏதாவது சேர்த்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை. இருவரும் இருக்கிறோம். சின்னவளுக்குப் பல் வந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, உன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றேன். அவளும் சரி என்றாள். ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் காலையில் டீயை விளிம்பு வரை ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எடுத்தேன். பாதி மேஜையில் போனது. அவள் துணி கொண்டுவந்து துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் விளிம்பு வரை ஊற்றினாள். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன். டாக்டருக்கு நீ எழுதின கடிதத்தைக் கிழித்துப் போடு.

டாக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். வாயில் நுழையவில்லை. நிற்காது, மெதுவாகப் போகப் பண்ணலாம் என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, மாப்பிள்ளை. டாக்டர் முன்னால் அழுதுவிட்டேன். மாத்திரைச் சீட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறார். வீட்டை மாதக் கடைசியில் காலி பண்ண வேண்டும்.

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு ரத்தச் சோதனைக்காக அடிவாரம் வரை போய்விட்டு வந்தோம். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் புது டிரைவராகப் போட்டிருக்கிறார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த ஜீப்பில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. அப்பப்பா, என்ன குலுக்கல். உன் புது ரப்பரோடே இப்படி என்றால் பட்டன் டயரில் எப்படி இருந்திருக்கும்? ஓட்டுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. நர்ஸம்மாவிடம், "இதுக்கா மெத்தைன்னு பேரு வச்சீங்க?" என்று கேட்டேன். "வேற என்னண்ணே சொல்லச் சொல்றீங்க? ஒவ்வொரு கல்லுக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தீங்களே" என்றார். பதினெட்டு வருஷமாக நோயாளிகள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், இடுப்பு முறிந்தவர்கள்கூட.

ஒற்றைப் பாறை வளைவில் எல்லோர் கையும் ஆடியது. நர்ஸம்மா கை, உன் அக்கா கை, எதிரே உட்கார்ந்திருந்த காய்ச்சல்காரர் கை. என் கை எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வெகுநாளைக்குப் பிறகு அதை மறைக்காமல் மடியில் வைத்திருந்தேன். அடிவாரத்துக் கேட்டில் புது டிரைவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எல்லோர் கையும் நின்றது. என் கை நிற்கவில்லை. உன் அக்கா அதைப் பிடித்திருந்தாள், விடவில்லை. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

புது டிரைவருக்கு உன் கைப்பட ஒரு சீட்டு எழுதி அனுப்பு. கல் பாதையில் பின் டயருக்கு இருபத்திரண்டு போதும். நான் சொன்னால் கேட்க மாட்டார், டயர்க்காரன் சொன்னால் கேட்பார். இதைக் கண்டுபிடிக்கப் பின்னால் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

மேல் அறையைப் பெருக்கி வை. ரப்பர் நாற்றம் எனக்குப் புதிதில்லை.

மெத்தை

தம்பி, மேலே எறும்பு மாதிரி 'மெத்தை' என்று இருக்கிறதே, அது மட்டும் அவர் எழுதியது. முழுசாக அவரே எழுதினார். நான் கையைப் பிடிக்கவில்லை.

அக்கா